இல்லினாய் மாநிலம் ஹேன்காக் கவுண்டியின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பியோரியா, புளூமிங்டன், சிக்காகோ பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறையில் ஹேன்காக் கவுண்டியில் இருக்கும் நாவூவுக்கு ஒரு நடை போய்வருவதுண்டு. மிசிசிப்பிக் கரை, பழைய செங்கல் வீடுகள், மாட்டுவண்டிச் சவாரி என்று ஒரு நாள் நன்றாகக் கழியும். திரும்பி வந்ததும் எனக்குப் போன் வரும். கேட்கிற ஆள் மாறுகிறாரே தவிர, கேள்வி மாறுவதில்லை. அங்கே வழிகாட்டிகள் சொல்வது பெரும்பாலும் மார்மன் சபையினர் அங்கே வாழ்ந்த ஏழு வருடக் கதை. கவுண்டியின் கதை அதைவிட நீளம். ஆகவே கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டுப் பதிலை எழுதி வைத்துவிட்டேன்.

1. கவுண்டின்னா நம்ம ஊர் ஜில்லா மாதிரிதானே? அங்க கலெக்டர் யாரு?

கலெக்டர் என்று ஒருவர் கிடையாது. ஹேன்காக் கவுண்டியின் பரப்பு 800 சதுர மைலுக்குச் சற்று அதிகம். 2020 கணக்கெடுப்பில் மொத்தமே 17,620 பேர். தலைநகரிலிருந்து அதிகாரியை நியமித்து அனுப்பும் வழக்கம் அங்கே அன்றும் இல்லை, இன்றும் இல்லை. காவலுக்குப் பொறுப்பான ஷெரீப், ஆவணங்களை வைத்திருக்கும் கிளார்க், பிண விசாரணை செய்பவர், கவுண்டி நிர்வாகத்தை நடத்தும் போர்டு உறுப்பினர்கள் (அன்று கமிஷனர்கள்) எல்லோரும் உள்ளூர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள்.

யாருக்கு ஓட்டு அதிகமோ, போலீசும் ஜூரிப் பட்டியலும் அவர்கள் கைக்குப் போகும் என்று பொருள். கீழே 7ஆம் கேள்விக்கு வரும்போது இதை நினைவில் வைத்திருங்கள். என் கணிப்பில் அங்கே நடந்ததற்கெல்லாம் அடிவேர் இதுதான்.

2. இந்தக் கவுண்டி சரியா எங்க இருக்கு? பேர் யாரோட பேர்?

இல்லினாயின் மேற்கு ஓரம். மிசிசிப்பி நதி எல்லை, எதிர்க்கரையில் அயோவா, தென்மேற்கு மூலையில் கொஞ்சம் மிசௌரி. 1825-ல் சட்டப்படி உருவாகி 1829-ல் நிர்வாகம் தொடங்கியது. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் முதல் கையெழுத்துப் போட்ட ஜான் ஹேன்காக்கின் பெயர்.

மூன்று ஊர்களைத் தெரிந்துகொண்டால் போதும். வடமேற்கே ஆற்று வளைவில் நாவூ. தென்மேற்கே ஆற்றோர மேட்டில் வார்சா. நடுவில், ஆற்றை விட்டுத் தள்ளி, 1833 முதல் தலைநகரான கார்த்தேஜ். நாவூவுக்கும் வார்சாவுக்கும் நடந்த சண்டை கார்த்தேஜில் முடிந்தது.

3. மார்மன்கள் வர்றதுக்கு முன்னாடி அந்த இடம் வெறும் காடா?

சுற்றுலாக் கையேடு அப்படித்தான் தொனிக்கும். உண்மை வேறு. இது சாக், மெஸ்க்வாக்கி என்ற பூர்வகுடி மக்களின் பூமி. இன்று நாவூ இருக்கும் இடத்தில் குவாஷ்குவாமே என்ற சாக் தலைவரின் ஊர் இருந்தது. 1804-ல் செயின்ட் லூயிஸில் ஓர் ஒப்பந்தம் போடப்பட்டது. கொலைக் குற்றத்தில் பிடிபட்ட ஒருவனை மீட்கப் போன சிறு குழுவில் இவரும் ஒருவர். திரும்பி வரும்போது மிசிசிப்பிக்குக் கிழக்கே பரந்த நிலப்பகுதி முழுவதும் 2,234 டாலர் 50 சென்ட் மதிப்புள்ள பொருளுக்கும் ஆண்டுக்கு 1,000 டாலருக்கும் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. விற்கும் அதிகாரம் அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை என்று சாக் மக்கள் கடைசிவரை சொன்னார்கள். சாக் தலைவர் பிளாக் ஹாக் 1832-ல் நடத்திய போரின் வேரும் அந்தக் காகிதம்தான்.

1814-ல் இன்றைய வார்சாவில் ராணுவம் கோட்டை கட்டத் தொடங்கியது. கட்டியவர் சக்கரி டெய்லர், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி. அது சில வாரங்களிலேயே கைவிடப்பட்டது; அடுத்து அங்கே எழுந்த எட்வர்ட்ஸ் கோட்டையும் 1824-ல் கைவிடப்பட்டது. 1820களில் வெள்ளையர் வியாபாரிகளும் குடியேறிகளும் வந்தார்கள். 1830களில் நாவூவின் இடத்தில் காமர்ஸ் என்று ஒரு காகித நகரம் வரையப்பட்டது. மனை போட்டார்கள், வாங்க ஆளில்லை.

4. ஆத்தோரம், கருப்பு மண்ணு, இவ்ளோ நல்ல இடத்தை யாரும் வாங்கலையா?

வாங்கியவர்கள் உண்டு, வந்தவர்கள்தான் குறைவு. 1812 போரில் சண்டையிட்ட சிப்பாய்களுக்கு ஆளுக்கு 160 ஏக்கர் கொடுக்க இல்லினாய் நதிக்கும் மிசிசிப்பிக்கும் இடையே பெரிய நிலப்பரப்பை அரசு ஒதுக்கியது. ஹேன்காக் கவுண்டி அதற்குள் வருகிறது. பெரும்பாலான சிப்பாய்கள் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் கிழக்கு மாநிலத் தரகர்களிடம் அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். தரகர் வரி கட்டவில்லை, மாநில அரசு வரி பாக்கிக்கு ஏலம் விட்டது, ஒரே நிலத்துக்கு இரண்டு பத்திரம் வந்தது. நம் ஊர் வில்லங்கம் எல்லாம் இதற்கு முன் பிச்சை வாங்கும்.

நாவூவின் தாழ்நிலம் அப்போது சதுப்பு. கொசு, முறைக்காய்ச்சல். 1839 கோடையில் வந்திறங்கிய குடும்பங்களில் படுக்காத ஆள் இல்லை என்று சொல்லுமளவுக்கு மலேரியா அடித்தது. கையால் வாய்க்கால் வெட்டி வடித்த பிறகே அது ஊரானது.

5. மார்மன்கள்னா யாரு? ஏன் இங்க வந்து விழுந்தாங்க?

1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை. தனக்கு இறைவெளிப்பாடு வந்ததாகவும் புதிய வேதநூல் கிடைத்ததாகவும் அவர் சொன்னார். ஒஹையோ, பிறகு மிசௌரி என்று நகர்ந்தார்கள். மிசௌரியில் மோதல் முற்றி, 1838 அக்டோபர் 27-ல் ஆளுநர் பாக்ஸ், மார்மன்கள் எதிரிகளாக நடத்தப்பட வேண்டும், அழிக்கப்பட வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டு விரட்டப்பட வேண்டும் என்று எழுத்திலேயே ஆணையிட்டார். அந்தக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் மிசிசிப்பியைக் கடந்து இல்லினாயின் குவின்சி நகருக்கு வந்தார்கள். குவின்சிக்காரர்கள் சோறும் இடமும் கொடுத்தார்கள். இது பலர் மறந்துவிடும் விஷயம்.

1839-ல் ஸ்மித் காமர்ஸில் நிலம் வாங்கினார், பெரும்பகுதி கடனுக்கு. மறுவருடம் ஊரின் பெயர் நாவூ ஆனது.

6. நாவூ அப்போ சிக்காகோவை விடப் பெரிய ஊராமே, நிஜமா?

கிட்டத்தட்ட சமம் என்பதே சரி. 1845-ல் நாவூவின் மக்கள்தொகை 11,000-ஐத் தாண்டியது. சிக்காகோவில் சுமார் 12,000. கப்பல் கப்பலாக இங்கிலாந்திலிருந்து வந்த புது விசுவாசிகள் இதில் முக்கியம். லிவர்பூலில் ஏறி, நியூ ஆர்லியன்ஸில் இறங்கி, ஆற்றுவழி நீராவிப் படகில் நேரே நாவூத் துறைக்கு வருவார்கள்.

ஆனால் சிக்காகோ துறைமுகத்தால் வளர்ந்தது. நாவூவுக்குச் சொல்லிக்கொள்ளும்படி தொழில் எதுவும் இல்லை. வருகிறவர் வீடு கட்டுவார், அடுத்து வருகிறவருக்கு வீடு கட்டித் தருவார், மிச்சப்பட்ட உழைப்பு கோயிலுக்குப் போகும். வருகை நின்றால் ஊரும் நிற்கும் நிலை. இந்தக் கோணத்தை வழிகாட்டிகள் தொடுவதில்லை.

7. அவங்க பாட்டுக்கு இருந்தாங்க. பக்கத்து விவசாயிகளுக்கு ஏன் அவ்ளோ ஆத்திரம்? மத வெறிதானே?

மதமும் உண்டு. ஆனால் மதம் மட்டும் என்றால் 1839-ல் குவின்சி கதவைத் திறந்திருக்காது. முதல் பதிலுக்குத் திரும்பிப் போங்கள். கவுண்டியின் எல்லாப் பதவியும் ஓட்டில் தீர்மானம். அன்றைய இல்லினாய் அரசமைப்பில் இன்னொரு விசித்திரம்: மாநிலத்தில் ஆறு மாதம் வசித்த 21 வயது வெள்ளைக்கார ஆண் எவரும் ஓட்டுப் போடலாம், குடியுரிமைகூட வேண்டாம். இங்கிலாந்திலிருந்து வந்தவர் ஆறே மாதத்தில் வாக்காளர். அவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் ஓட்டுப் போட்டார்கள். விக், ஜனநாயகம் என்ற அன்றைய இரண்டு பெரிய கட்சிகளும் முதலில் அந்த ஓட்டுக்கு நாக்கைத் தொங்கப்போட்டு அலைந்தன.

1840 டிசம்பரில் மாநிலச் சட்டமன்றம் நாவூவுக்கு ஒரு நகரச் சாசனம் கொடுத்ததும் அந்த ஆசையில்தான். பெரிய எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. ஆபிரகாம் லிங்கன் அப்போது அதே அவையில் உறுப்பினர். அந்தச் சாசனப்படி நாவூவுக்குச் சொந்தப் படை, சொந்த நகர நீதிமன்றம். பிடிவாரண்டோடு யார் வந்தாலும் ஆட்கொணர்வு ஆணை போட்டு விடுவிக்க அந்த நீதிமன்றத்துக்கு வழி இருந்தது. மிசௌரி போலீஸ் ஸ்மித்தைப் பிடித்தபோது அப்படியே விடுவித்தது. நகரத்தின் மேயர், படையின் தளபதி, நகர நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி, சபையின் தீர்க்கதரிசி நான்கும் ஒரே ஆள். பக்கத்து ஊர் விவசாயி இதைப் பார்த்து எரிச்சலடைந்தார் என்றால் அதை வெறி என்று ஒதுக்க முடியாது.

1843-ல் நடந்தது உச்சம். ஸ்மித்தை மிசௌரியிடமிருந்து காப்பாற்ற வாதாடிய வழக்கறிஞர் சைரஸ் வாக்கர், விக் கட்சிக்காரர். அவர் நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார். என் ஓட்டு உமக்கு என்று ஸ்மித் வாக்குக் கொடுத்தார். தேர்தலுக்கு முன் ஸ்மித்தின் அண்ணன் ஹைரம் மேடையேறி, எதிர்க்கட்சியின் ஹோகுக்கு ஓட்டுப் போடும்படி தனக்கு இறைவெளிப்பாடு வந்திருக்கிறது என்றார். ஸ்மித் சொன்ன சொல் தவறாமல் தன் ஓட்டை மட்டும் வாக்கருக்குப் போட்டார். நாவூ ஹோகுக்குப் போட்டது. வாக்கர் தோற்றார். அன்றோடு விக் கட்சி முழுப் பகை; ஜெயித்த ஜனநாயகக் கட்சிக்கும் நாளைக்கு நமக்கும் இதே கதிதான் என்று பயம்.

8. தாமஸ் ஷார்ப்னு ஒருத்தர் பேர் அடிக்கடி வருதே, அவர் யாரு?

வார்சாவின் பத்திரிகை ஆசிரியர், இருபதுகளில் இருந்த இளைஞர். 1841-ல் நாவூ விழாவுக்கு விருந்தாளியாகப் போய்ச் சாப்பிட்டும் வந்தார். திரும்பி வந்து எழுதத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. மார்மன் எதிர்ப்புக்கென்றே கவுண்டியில் ஒரு கட்சி கட்டினார். வார்சா தன்னை அந்தப் பகுதியின் பெரிய வியாபார ஊராக நினைத்திருந்தது. பக்கத்திலேயே 11,000 பேர் வந்து குடியேறினால் அந்த நினைப்பு என்னாகும் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

9. பலதார மணம்தான் பிரச்சினைன்னு சொன்னாங்களே?

அது உள்ளிருந்து வெடித்த பிரச்சினை. ஸ்மித்தும் நெருங்கிய சிலரும் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களை ரகசியமாக மணந்திருந்தார்கள், வெளியில் மறுத்தார்கள். சபை இதைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது 1852-ல், யூட்டாவுக்குப் போன பிறகு. நாவூவில் இதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் லா, சபைத் தலைமையில் ஸ்மித்தின் இரண்டாம் ஆலோசகராக இருந்தவர்.

சபையிலிருந்து நீக்கப்பட்ட லாவும் நண்பர்களும் 1844 ஜூன் 7-ல் நாவூவிலேயே ஒரு செய்தித்தாள் தொடங்கினார்கள். பலதார மணத்தையும் ஒரே ஆள் கையில் அதிகாரம் குவிந்ததையும் சாட்சிப் பத்திரங்களோடு அச்சிட்டார்கள். வந்தது ஒரே இதழ். ஜூன் 10-ல் நகரசபை கூடி, இந்த அச்சகம் பொதுத் தொல்லை என்று தீர்மானித்தது. மேயர் ஸ்மித் உத்தரவிட, ஆட்கள் போய் இயந்திரத்தை உடைத்து எழுத்துகளைத் தெருவில் கொட்டினார்கள். பொதுத் தொல்லையை நீக்க நகரசபைக்கு உரிமை உண்டு என்பது அவர்கள் வாதம். பிரதிகளை அழிப்பதற்குக்கூட ஏதோ சட்டம் சொல்லலாம். இயந்திரத்தை உடைத்ததற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. ஷார்ப் தன் பத்திரிகையில், இனி பதில் வெடிமருந்தாலும் குண்டாலும்தான் என்று எழுதினார்.

10. அச்சகத்தை உடைச்சா ஜாமீன்ல வரலாமே, ஸ்மித் ஏன் கார்த்தேஜ் ஜெயில்ல இருந்தாரு?

நல்ல கேள்வி. அச்சக வழக்கில் குற்றச்சாட்டு கலவரம் செய்தது. அதற்கு ஜாமீன் கிடைத்தது. ஆனால் இடையில் ஸ்மித் நாவூவில் ராணுவச் சட்டம் பிறப்பித்துப் படையை அணிவகுக்க வைத்திருந்தார். அதை வைத்து மாநிலத் துரோகம் என்று இரண்டாவது வழக்குப் போட்டார்கள். அதற்கு ஜாமீன் எளிதில் இல்லை. ஆளுநர் தாமஸ் ஃபோர்டு கார்த்தேஜுக்கு வந்து, சரணடைந்தால் பாதுகாப்பு என்று உறுதி கொடுத்திருந்தார். அதை நம்பி அண்ணனும் தம்பியும் கார்த்தேஜ் போனார்கள்.

ஜூன் 27 காலை ஃபோர்டு பெரும்பாலான படைகளைக் கலைத்துவிட்டு, தானே நாவூவுக்குப் பேசப் போய்விட்டார். சிறைக்குக் காவல் நிறுத்தியது கார்த்தேஜ் உள்ளூர்ப் படையை, அதாவது ஸ்மித்தைத் தூக்கிலிட வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியவர்களை.

11. உள்ள அவர்கிட்டயும் துப்பாக்கி இருந்துச்சாமே? அப்ப தியாகின்னு எப்படிச் சொல்றது?

இருந்தது. பார்க்க வந்த நண்பர் ஒருவர் ஆறு குழல் கைத்துப்பாக்கியை மறைத்துக் கொடுத்திருந்தார். மாலை ஐந்து மணியளவில் முகத்தில் கரி பூசிய கும்பல் மாடிப்படி ஏறியது. அறையில் நான்கு பேர். கதவைத் துளைத்து வந்த குண்டில் ஹைரம் இறந்தார். ஜோசப் கதவிடுக்கில் சுட்டார். சில குண்டுகள் வெடித்தன, சில வெடிக்கவில்லை. ஜன்னலுக்கு ஓடியவர் சுடப்பட்டுக் கீழே விழுந்து இறந்தார். ஜான் டெய்லர் பல குண்டு பாய்ந்தும் பிழைத்து, பின்னாளில் சபையின் தலைவரானார். வில்லார்டு ரிச்சர்ட்ஸுக்குப் பெரிய காயமில்லை.

தியாகியா இல்லையா என்பது விசுவாசிகளின் வழக்கு. சட்டப்படி பார்த்தால், அரசின் காவலில் இருந்த, இன்னும் விசாரிக்கப்படாத கைதிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். கையில் துப்பாக்கி இருந்ததால் அது மாறாது.

12. கொன்னவங்களைப் பிடிச்சாங்களா?

ஒன்பது பேர் மீது குற்றப்பத்திரிகை, ஐந்து பேர் மீது விசாரணை, 1845 மே 30-ல் ஐவரும் விடுதலை. ஷார்ப் அவர்களில் ஒருவர். மற்றொருவர் மாநில மேலவை உறுப்பினர் ஜேக்கப் டேவிஸ்.

முதல் பதிலில் சொன்ன ஜூரிப் பட்டியல் இங்கே வருகிறது. 1844 ஆகஸ்டு தேர்தலில் மார்மன் ஆதரவு பெற்றவர்கள் கவுண்டிப் பதவிகளைப் பிடித்திருந்தார்கள். ஆகவே ஜூரிப் பட்டியல் ஒருதலையானது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் வாதிட்டு, பட்டியலையே ரத்து செய்ய வைத்தார்கள். புதிய ஜூரியில் ஒரு மார்மனும் இல்லை. நாவூத் தரப்பும் பெரும்பாலும் விலகியே நின்றது. தண்டனை கிடைத்தால் கவுண்டியில் போர் வரும் என்று இரண்டு பக்கமும் பயந்தது. ஹைரம் கொலை வழக்கு விசாரணைக்கே வரவில்லை. ஷார்ப் பிறகு கவுண்டி நீதிபதியாகி, 1894 வரை வாழ்ந்தார். பாதுகாப்பு உறுதி கொடுத்த ஃபோர்டு 1850-ல் பியோரியாவில் வறுமையில் இறந்தார்.

13. உறைஞ்ச ஆத்து மேல நடந்து போனாங்கன்னு சொல்றாங்களே, எல்லாருமா?

இல்லை. 1845 ஜனவரியில் சாசனம் ரத்தானது. செப்டம்பரில் கவுண்டியின் தெற்கே மார்மன் குடியிருப்புகளில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. அடுத்த வசந்தத்தில் போய்விடுகிறோம் என்று ஒப்பந்தமானது. 1846 பிப்ரவரி 4-ல் முதல் குழு தட்டைப் படகுகளில் கடந்தது. மாதக் கடைசியில் ஆறு உறைந்தபோது சிலர் பனிக்கட்டி மேல் வண்டியோட்டினார்கள். ஓவியங்களில் வருவது அந்தச் சில நாட்கள்தான். பெரும்பாலானோர் புல் முளைத்த பிறகு ஏப்ரல் முதல் ஜூன் வரை போனார்கள்.

மிக மோசமாக அடிபட்டவர்கள் கடைசியில் எஞ்சியவர்கள். நோயாளிகள், வீடு விற்காதவர்கள், வண்டி வாங்கக் காசில்லாதவர்கள். செப்டம்பரில் கும்பல் பீரங்கியோடு வந்து அவர்களையும் விரட்டியது. பிப்ரவரிக் கதைக்கு இருக்கும் ஓவியங்களில் பாதிகூட செப்டம்பருக்கு இல்லை.

14. இப்ப மேட்டுல இருக்கிற கோயில் பழசா, புதுசா?

புதிது. 1841-ல் அடிக்கல் போட்டுச் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய பழைய கோயில், ஊரே காலியாகிக்கொண்டிருந்த 1846 மே மாதம் பொதுவில் அர்ப்பணிக்கப்பட்டது. 1848 அக்டோபரில் யாரோ தீ வைத்தார்கள். எவருக்கும் தண்டனை இல்லை. 1850 மே 27-ல் சூறாவளி மிச்சச் சுவர்களைச் சாய்த்தது. கற்களை ஊர்க்காரர்கள் எடுத்துப்போய் வீடு, நிலவறை கட்டினார்கள். சூரிய முகம் செதுக்கிய கற்களில் ஒன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே இடத்தில் எழுந்த புதிய கோயிலின் அர்ப்பண நாள் 2002 ஜூன் 27. தேதி ஏன் என்று 10ஆம் பதில் சொல்லும்.

15. மார்மன்கள் போனதும் ஊர் பேய் ஊராயிடுச்சா?

எனக்கு மிகப் பிடித்த பகுதி இங்கே தொடங்குகிறது, கேட்பவர்கள்தான் குறைவு. 1849-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். தலைவர் எட்டியென் கபே, வழக்கறிஞர், அரசியல்வாதி. தனிச்சொத்தே இல்லாத கற்பனை நாடு ஒன்றைப் பற்றி நாவல் எழுதி, அதைப் படித்தவர்களை நிஜமாகவே கப்பலேற்றியவர். டெக்சாஸில் தோற்று, நியூ ஆர்லியன்ஸ் வழியே சுமார் 280 பேரோடு ஆயத்த வீடுகள் நிற்கும் நாவூவைக் கண்டுபிடித்தார்கள். இக்காரியர் என்று பெயர்.

பொதுச் சமையல், பொது உணவுக்கூடம், கையில் காசில்லை. குழந்தைகள் பள்ளியிலேயே தங்கிப் படிப்பார்கள், ஞாயிறு பெற்றோரிடம் வருவார்கள். எரிந்த கோயிலை வாங்கிச் சீர்செய்ய முனைந்தபோது அந்தச் சூறாவளி வந்தது. கற்களில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். உச்சத்தில் 500 பேர் வரை. பொது உடைமைக் குடியிருப்பை உடைத்தது பசி அல்ல, தலைவர்தான். புகையிலை கூடாது, சாராயம் கூடாது, வேலை நேரத்தில் பேச்சுக் கூடாது, தலைவர் பதவிக்கு அதிக அதிகாரம் வேண்டும் என்று கபே அடம்பிடித்தார். 1856-ல் பெரும்பான்மை அவரையே வெளியேற்றியது. ஆதரவாளர்களோடு செயின்ட் லூயிஸ் போய் அந்த நவம்பரிலேயே இறந்தார். மற்றவர்கள் அயோவாவுக்குப் போய், 1898 வரை தாக்குப்பிடித்தார்கள்.

16. ஒயின், சீஸ்னு போர்டு பார்த்தோம். இதுக்கும் அவங்களுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இக்காரியர்களோடு இருந்த எமில் பாக்ஸ்டரின் குடும்பம் 1857-ல் தொடங்கிய திராட்சைத் தோட்டமும் ஒயின் ஆலையும் இல்லினாயிலேயே பழையது என்று பெயர் பெற்றது. ஜெர்மானிய, சுவிஸ் குடியேறிகளும் சரிவுகளில் கொடி போட்டார்கள். மலையைக் குடைந்து நிலவறை கட்டிப் பீப்பாய்களை வைத்தார்கள். மதுவிலக்கு வந்தது, நிலவறைகள் காலி. 1937-ல் அந்தக் குளிர்ந்த ஈரமான அறைகளில் நீல பூஞ்சணச் சீஸ் முற்றவைக்கத் தொடங்கினார்கள். நாவூ நீலச் சீஸ் நாடறிந்த சரக்கானது. 2003-ல் தொழிற்சாலை மூடியது. திராட்சைத் திருவிழா செப்டம்பர் தொடக்கத்தில் தொழிலாளர் தின விடுமுறையோடு நடக்கிறது. அப்போது போவது நல்லது.

பக்கத்து ஹாமில்ட்டனில் இன்னொரு பிரெஞ்சுக்காரர்: 1863-ல் ஷாம்பெயின் பகுதியிலிருந்து வந்த சார்ல்ஸ் டாடன்ட். அவர் தொடங்கிய தேனீ வளர்ப்புத் தொழில் இன்றும் அவர் குடும்பப் பெயரில் நடக்கிறது. அமெரிக்கத் தேனீ வளர்ப்பாளர்களின் முக்கிய மாத இதழும் நெடுங்காலம் அங்கிருந்தே வந்தது.

17. இந்தக் கவுண்டிக்கு லிங்கன் வந்திருக்காரா?

வந்தார். 1839-ல் கார்த்தேஜில் ஃபிரெய்ம் என்ற கொலைக் குற்றவாளிக்காக வாதாடினார். தோற்றார், கட்சிக்காரர் தூக்கில் தொங்கினார். 1858-ல் டக்ளஸோடு போட்டியிட்ட தேர்தலில் அதே ஊரில் பேசினார். லிங்கனின் செயலாளராக இருந்து, பிறகு வெளியுறவு அமைச்சரான ஜான் ஹே வளர்ந்தது வார்சாவில்.

18. ஆறு ஒரு ஏரி மாதிரி அகலமா இருக்கே, அப்பவும் அப்படித்தானா?

இல்லை. அங்கே பத்து மைலுக்கு மேல் பாறைப் படுகையும் ஆழமில்லாத விரைநீரும் இருந்தன. படகுகள் சரக்கை இறக்கி ஏற்றியே தாண்டும். 1913-ல் ஹாமில்ட்டனுக்கும் அயோவாவின் கியோகக்குக்கும் இடையே ஹியூ கூப்பர் கட்டிய அணையும் மின்நிலையமும் முடிந்தன. மின்சாரம் நூறு மைலுக்கு அப்பால் செயின்ட் லூயிஸுக்குப் போனது. விரைநீர் மூழ்கியது, நாவூவின் பழைய கரையோரமும் மூழ்கியது. 1846-ல் படகேறிய துறை என்று நீங்கள் நின்று படமெடுக்கும் இடம் அன்றைய கரையை விட்டுத் தள்ளியது.

19. ரெண்டு வேற வேற சபைக்காரங்க ஒரே ஊரைக் காட்டினாங்களே, ஏன்?

முன்பு போனவர்களாக இருப்பீர்கள். ஸ்மித்துக்குப் பின் தலைமை ஏற்ற பிரிகாம் யங் பின்னால் எல்லோரும் மேற்கே யூட்டாவுக்குப் போகவில்லை. ஸ்மித்தின் மனைவி எம்மா நாவூவிலேயே தங்கினார். பலதார மணத்தை அவர் ஏற்கவில்லை. 1847-ல் லூயிஸ் பிடமன் என்ற மார்மன் அல்லாதவரை மணந்து, 1879-ல் அங்கேயே இறந்தார். மூத்த மகன் 1860-ல் தனிச் சபைக்குத் தலைவரானார். ஸ்மித் குடும்ப வீடுகள் அந்தச் சபையிடம் இருந்தன. 1903-ல் 4,000 டாலருக்கு வாங்கிய கார்த்தேஜ் சிறையும் 1960களிலிருந்து சீரமைத்த வீடுகளும் யூட்டாச் சபையிடம். 2024 மார்ச்சில் ஸ்மித் வீடுகளும் ஒஹையோவின் கர்ட்லண்டு கோயிலும் 192.5 மில்லியன் டாலருக்கு யூட்டாச் சபைக்குக் கைமாறின. இப்போது காட்டுபவர் ஒருவரே. இரண்டு தரப்பு விளக்கத்தையும் ஒரே நாளில் கேட்டு ஒப்பிடும் வசதி போய்விட்டது. எனக்கு அது நஷ்டம்தான்.

20. ஒரு காலத்துல இவ்ளோ கூட்டம் இருந்த கவுண்டி ஏன் இப்படிக் காலியா கிடக்கு?

1846-ல் காலியானதால் என்று நினைக்கிறார்கள், தவறு. கவுண்டியின் உச்சம் அதற்கு வெகுகாலம் பிறகு: 1870-ல் 35,935 பேர். இன்று அதில் பாதி. காரணம் மத்திய மேற்கு முழுவதும் ஒன்றே. குதிரையால் உழுத நிலத்துக்குக் குடும்பங்கள் வேண்டும். டிராக்டருக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் ஒன்றிரண்டு பேர் போதும். மக்காச்சோளமும் சோயாவும் மாறி மாறி விளைகின்றன, பண்ணை பெருக்கிறது, பள்ளிகள் ஒன்றிணைகின்றன. கார்த்தேஜில் 1870 முதல் இருந்த கல்லூரி 1960களில் விஸ்கான்சினின் கெனோஷாவுக்குக் குடிபெயர்ந்தது. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. கார்த்தேஜ் கல்லூரி இன்றும் கெனோஷாவில்தான் இருக்கிறது.

21. பசங்களுக்கு வரலாறு போரடிக்கும். வேற ஏதாவது?

ஹாமில்ட்டன், வார்சா பக்கம் ஜியோடு கல் கிடைக்கும். வெளியே உருளைக்கிழங்கு மாதிரி, உடைத்தால் உள்ளே படிகம். கட்டணம் வாங்கிக்கொண்டு தோண்டவிடும் இடங்கள் உண்டு. சுத்தியலும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கொண்டுபோங்கள்.

22. கடைசியா ஒண்ணு: இதுக்கெல்லாம் யாராவது மன்னிப்புக் கேட்டாங்களா?

ஆணை போட்ட மிசௌரி 1976-ல் அதை ரத்து செய்து வருத்தம் தெரிவித்தது. ஏறக்குறைய 138 வருடம் அது ஏட்டில் இருந்தது. இல்லினாய் கீழவை 2004-ல் வெளியேற்றத்துக்கு வருந்தித் தீர்மானம் போட்டு, துணை ஆளுநர் பாட் குவின் தலைமையில் குழு சால்ட் லேக் சிட்டிக்கே கொண்டுபோய்க் கொடுத்தது. அச்சகம் உடைக்கப்பட்டவர்களுக்கு அப்படி எந்தத் தீர்மானமும் வந்ததாக நான் பார்க்கவில்லை. 3ஆம் பதிலில் சொன்ன 1804 காகிதத்தைப் பற்றியும் இதே பதில்தான்.